எலும்பின் வலியை அறிந்த மிஸ்ஸி பெட்ரிசியா அவர்களுக்கு

ரந்தாவ் வட்டாரத் தோட்ட மருந்தகத்தில் முப்பதாண்டுகள் தாதியாக முகம் கோணாது, முறை தவறாது, பிணியாளர் பின்னே ஓடியோடிப் பணிபுரிந்து, இன்று விடைபெறும் கருணைக் கரத்தாரே! கடமையில் கலங்காதவரே! உங்கள் முன்னிலையிலேயே உங்கள் வாழ்வில் நடந்த ஒன்றை இந்த அவைக்குச் சொல்ல அனுமதி தாருங்கள்.

அவையோரே! 1983ஆம் ஆண்டு சூசையம்மாள் என்ற பெண்மணி மிஸ்ஸியிடம் வந்தார். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், ஐந்தாம் பிள்ளைக்குப் பிறகு ரப்பர் தகடுகளைத் தரம் பிரிக்கும் ஸ்டோருக்கு மாற்றப்பட்டவர். விடியுமுன் உள்ளே போனால் பொழுது சாயத்தான் வெளியே வருவார். எடை தொண்ணூறு கிலோவைத் தாண்டியிருந்தது. இடுப்பிலும் தொடையிலும் வலி, படியேற முடியவில்லை.

மிஸ்ஸி எடை பார்த்தார். வேறெதுவும் பார்க்கவில்லை.

"ஒடம்பக் கொறைக்கணும்லா சூசையம்மா. சோத்தப் பாதியாக்கு, வலி தானா போயிரும்."

மூன்று ஆண்டுகள், வந்தபோதெல்லாம் அதே பேச்சு, அதே வலி மாத்திரை.

1986இல் குளியலறை வாசலில் சூசையம்மாள் வழுக்கி விழுந்தார். சின்ன விழுகைதான், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சிரம்பான் பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தையும் ரத்தச் சோதனையையும் பார்த்த மருத்துவர், உடன் போயிருந்த மிஸ்ஸியைத் தனியே அழைத்தார்.

"எலும்பு எளகிப் போயிருக்கு மிஸ்ஸி. விட்டமின் டி ரொம்பக் கம்மி. பருமனா இருக்கிற பொம்பளைங்களுக்கு அந்தச் சத்து கொழுப்புலயே தங்கிரும், ரத்தத்துல கொறஞ்சு போயிரும். வெயிலும் படலன்னா எலும்பு எப்படித் தாங்கும்? வலி ஆரம்பத்துலயே அனுப்பியிருக்கலாமே."

மிஸ்ஸி நேரே கட்டிலருகே போய், "தப்பு என்னுதுதான், சூசையம்மா" என்றார்.

சூசையம்மாள் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "மூணு வருசமா பாதிச் சோறுதான் தின்னேன் மிஸ்ஸி. பசியோடயே வேலைக்குப் போனேன். நீங்க சொன்னீங்கன்னுதான்."

சூசையம்மாள் பிறகு எழுந்து நடக்கவேயில்லை. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், நெஞ்சுச் சளி முற்றி இறந்தார். அடக்கத்தன்று மிஸ்ஸி கல்லறைத் தோட்டத்தின் வேலியோரமாகவே நின்றிருந்தார். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பின் ஸ்டோர்ப் பெண்களைக் காலை பத்து மணிக்கு அரைமணி நேரம் வெளியே விடும்படி தோட்ட ஆபீசில் கேட்டார். "வெயில் காயறதுக்குச் சம்பளமா மிஸ்ஸி?" என்று சிரித்தார் அங்கே கணக்கெழுதும் கிராணி அர்ச்சுனன். எட்டு மாதம் விடாமல் கேட்டு, அந்த அரைமணியை வாங்கினார். வலியென்று வந்த பருத்த பெண்கள் பத்தொன்பது பேரைத் தோட்டத்து லாரியில் தாமே சிரம்பானுக்கு அழைத்துப் போனார். ஏழு பேருக்கு அதே குறை இருந்தது. அந்த எழுவரும் மருந்தெடுத்து, இன்று நடந்தே இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறார்கள்.

பெருமைக்குரியவரே! சென்ற வாரம் நாங்கள் புகழ்மொழிகள் மட்டுமே அடுக்கி ஒரு மடல் எழுதி உங்களிடம் படித்துக் காட்டினோம். கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுல சூசையம்மா எங்க? அவங்க பேரு இல்லாத மடல நான் வாங்கமாட்டேன்லா" என்றீர்கள்.

எழுதிவிட்டோம், மிஸ்ஸி. வாங்கிக்கொள்ளுங்கள். இனியாவது நிம்மதியாக உறங்கி, நோயின்றி நெடுநாள் வாழுங்கள்.

கனத்த நெஞ்சோடு,
தோட்ட மருந்தகப் பணியாளர்கள்
ரந்தாவ், 30.11.1991