இடது கைப் பிடி

கம்ப்யூட்டர் விமான விளையாட்டுக்கு ஜாய்ஸ்டிக் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பிடியைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை பட்டன், எத்தனை விளக்கு, கைக்குள் பாந்தமாக உட்காருகிறதா என்று. நான் அடியைத்தான் தூக்கிப் பார்ப்பேன். அடி கனமில்லை என்றால் பலமாக இழுக்கும்போது மேசையை விட்டே கிளம்பிவிடும். எதிரியின் வாலைப் பிடிக்க வளைந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஸ்டிக் மடியில் வந்து விழுந்தால் போட்ட சண்டையெல்லாம் வீண்.

நீங்கள் கேட்டது இது இல்லை, தெரியும் இன்ஸ்பெக்டர் சார். தம்பி வீட்டை விட்டுப் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. அவன் ஏன் போனான், எங்கே போயிருப்பான் என்று கேட்டீர்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. ஏன் என்று தெரியும். அதை இந்த மேசையிலிருந்து ஆரம்பித்தால்தான் சொல்ல முடியும். உங்களோடு வந்த டீச்சர் கூடத்திலேயே இருக்கட்டும். அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்தான், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் கதவைச் சாத்திவிடுங்கள்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷம். தராசு, வெப்பமானி, ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, எல்லாம் என் மேசைக்கு வரும். நான் கையெழுத்துப் போட்டால் அந்தக் கருவி உண்மை சொல்கிறது என்று அர்த்தம். இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

தம்பி என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. அப்புறம் அவனுக்குத் தலை சீவிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றபோது அப்பாவைச் சம்மதிக்க வைத்தது எல்லாம் நான்தான். தீவுகளுக்குத் தபாலும் மருந்தும் கொண்டுபோகிற சின்ன விமானத்தில் துணை விமானியாக இருந்தான். அப்பா நடுக்குவாதம் வந்து ஒன்பது வருஷம் கிடந்தார். அதையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவன் பணம் அனுப்பினான், விடுமுறைக்கு வந்தான். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா போன பிறகு இந்த ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தான். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று இந்த விளையாட்டைக் கொண்டுவந்ததும் அவன்தான். பழைய காலத்துச் சண்டை விமானங்கள். எதிரில் வருகிறவர்கள் எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து ஓட்டுகிற நிஜ ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் உட்காருவோம். அவன் முன்னால் போவான், நான் அவன் வாலைக் காப்பேன்.

"அக்கா, என் பின்னாடி யாரு?"

"நான்தான்டா. நேரா பாத்து ஓட்டு."

வாரத்தில் ஆறு நாள் நான் பேசாமல் இருந்துவிடுவேன் சார். ஏழாவது நாள் பேசுவதற்கு.

அவன் கடையில் வாங்கி வந்த ஸ்டிக் படுமோசம். உள்ளே ஒரு கரித்தடத்தில் ஒரு முள் உரசி உரசித்தான் அளவு சொல்லும். நாலு மாதத்தில் தடம் தேய்ந்து, கையை எடுத்தாலும் விமானம் ஒருபக்கமாகச் சாயும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காந்த சென்சார் வைத்தேன். அதில் எதுவும் எதையும் உரசாது, தேயாது. நடுவில் கடக்கென்று தட்டிய ஸ்பிரிங்கை மாற்றினேன். மூட்டில் கெட்டியான கிரீஸ் வைத்தேன். கடைசியாக ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கம்பி கொடுத்து ஸ்டிக்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறக்கினேன். கம்பி நீளமானால் கை அதிகம் நகர வேண்டும். குறி பார்ப்பது அந்த அளவுக்கு நிதானமாகும். அன்றைக்கு அவன் ஒரே உட்காரலில் ஆறு பேரை வீழ்த்தினான். "அக்கா, இத நீ வித்தா கடைக்காரன் கடைய மூடிட்டுப் போயிடுவான்" என்றான்.

போன வருஷக் கடைசியில் அவனைக் கேப்டன் ஆக்கினார்கள். துணை விமானி வலது இருக்கையில் உட்காருகிறவன். கேப்டனுக்கு இடது இருக்கை, இடது கையில்தான் விமானத்தைப் பிடிக்க வேண்டும். பதவியோடு மாற்றலும் வந்தது. இங்கிருந்து ஒரு முழு நாள் பயணம். மூன்று மாதத்தில் கல்யாணம், டீச்சரும் அந்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் கேட்டாயிற்று. எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் எனக்குத் தகவல் சொன்னார்கள்.

எனக்குக் கோபமில்லை. அந்தப் பெண்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, நல்ல பெண். நான் யோசித்ததெல்லாம் அங்கே அவன் இறங்க வேண்டிய தீவு ஓடுதளத்தைப் பற்றித்தான். கைக்குட்டை அகலம்தான் இருக்கும். மூன்று பக்கமும் கடல். தூக்கி வளர்த்தவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

அவன்தான் கேட்டான். "அக்கா, இடது கைக்கு ஒரு பிடி செஞ்சு குடு. கடையில இருக்கிறது எல்லாம் வலது கைக்குத்தான். போறதுக்குள்ள கை பழகணும்."

செய்து கொடுத்தேன். ஈரக் களிமண்ணைப் பிடிக்கச் சொல்லி அவன் கையின் அச்சை எடுத்தேன். விரல் விரலாக அளந்து, பிசைந்து வைத்தால் கல்லாக இறுகுகிற மாவுப் பிசின் வைத்து, தேய்த்துத் தேய்த்து மூன்று வாரம் வேலை பார்த்தேன். இதோ, பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் படுகிற இடத்தில் ரப்பர் ஒட்டியிருக்கிறது அல்லவா? அதற்கடியில் நகம் அளவுக்கு ஒரு செப்புத் தகடு இருக்கிறது. அதிலிருந்து கம்பி அடிவரை போகிறது. அடியில் தபால்தலை அளவில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. தகட்டில் விரல் பட்டு மூன்று நொடி கை அசையாமல் இருந்தால் சென்சார் சொல்கிற அளவில் போர்டு ஒரு நடுக்கத்தைச் சேர்க்கும். கையை அசைத்தால் நடுக்கம் அடங்கிவிடும். அசைக்காமல் பிடித்தால் மறுபடி வரும்.

நொடிக்கு ஐந்து முறை. அப்பாவின் கரண்டி தட்டில் தட்டிய கணக்கு அது. ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவருக்கும் இடது கையில்தான் ஆரம்பித்தது.

முதல் இரண்டு வாரம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத அளவில்தான் வைத்திருந்தேன். நானூறு மீட்டரில் எதிரி இருக்கும்போது திரையில் குறி லேசாகத் துடிக்கும். பழகாத கை என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். அப்புறம் வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டினேன். பழகப் பழகக் குறைய வேண்டியது கூடிக்கொண்டே போனது. ஒரு ஞாயிறு விளையாட்டை நிறுத்திவிட்டுத் தன் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்டிக்லதான் ஏதோ கோளாறு அக்கா."

"இருக்கும்டா. பிரிச்சுப் பாத்துடலாம்."

அவன் எதிரிலேயே அடியைக் கழற்றினேன். எது எதற்கு என்று அவனுக்குத் தெரியாது, அந்தப் போர்டும் மற்றவற்றோடு ஒன்றாகத்தான் இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு சார். அளவு ஆடினால் கருவியைப் பார், கருவியில் தப்பில்லை என்றால் ஆளை மாற்றிப் பார். ஆளை மாற்றியதும் ஆட்டம் நின்றால் தப்பு ஆளிடம். சின்ன வயதில் நானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவன் அதைத்தான் செய்தான். வலது கையால் பிடித்துப் பார்த்தான். அந்தக் கட்டைவிரல் ரப்பர் பக்கமே வராது, குறி அசையவில்லை. என்னைப் பிடிக்கச் சொன்னான். நான் இடது கையால் பிடித்தேன், கட்டைவிரலை ஒரு நூல் தூக்கி. குறி கல்லாக நின்றது.

"நிஜ விமானத்தில ஒண்ணும் தெரியலயே அக்கா."

"அது கனமான ஸ்டிக்டா. சின்ன நடுக்கத்தை முழுங்கிடும். இது முழுங்காது."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

இனிமேல் சொல்லப் போவது எனக்கே கொஞ்சம் வியர்த்த இடம். அடுத்த ஞாயிறு டீச்சர் வந்திருந்தாள். அவன் அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டே, "தள்ளுங்க, நான் பிடிச்சுப் பாக்கறேன். எனக்கும் நடுங்குச்சுன்னா இந்தப் பொட்டிய தூக்கிக் குப்பையில போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தடுக்க முடியாது. தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். நான் காபி டம்ளரோடு அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். இடது கையைப் பிடியில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கட்டைவிரல் மேலே போனது. என் கண் திரையில் இல்லை, அந்த விரலில்தான் இருந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. மூன்று நொடி.

சின்னக் கை சார். ரப்பருக்கு அரை விரற்கடை முன்னாலேயே அவள் கட்டைவிரல் நின்றுவிட்டது. பிடி அவன் கைக்கு அளந்து செய்தது.

குறி அசையவில்லை. அவள் சிரிப்பு நின்றது. எழுந்து அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. நான் சொல்லி நம்பாமல் போயிருக்கலாம். அவள் கை சொன்னதை அவனால் நம்பாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்குவரை அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது.

அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. அவன் நேர்மையானவன், அப்படித்தான் வளர்த்தேன். தானே போய் விமான நிறுவன டாக்டரிடம் சொல்லிவிட்டான். பறக்க வேண்டாம் என்று நிறுத்தினார்கள். நரம்பு டாக்டர் தட்டிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, "இப்போ ஒண்ணும் தெரியல, ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார். அப்பாவுக்கும் முதல் தடவை அதையேதான் சொன்னார்கள். அந்த வாரமே டீச்சரிடம் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவள் வாசலில் நின்று அழுதாள். "என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல" என்றாள். அவன் கதவைத் திறக்கவில்லை. நான்தான் போய்த் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன், மறைக்க மாட்டேன். வேலை முடிந்து வந்தால் வீட்டில் விளக்கு எரியும். சட்டைப் பட்டன் நான் போட்டுவிடுவேன். இடது கையைப் பாக்கெட்டை விட்டு வெளியே எடுக்கவே மாட்டான். ஒருநாள் அவன் கையில் டம்ளர் நிஜமாகவே ஆடியது. அதற்கு நான் பொறுப்பில்லை. அது பயத்தில் ஆடியது.

ஒரு தப்பு செய்தேன். அப்பா கிடந்த இரும்புக் கட்டில் பின்கட்டு அறையில் இருந்தது, பக்கத்தில் கம்பி வைத்தது. பின்னால் தேவைப்படுமே என்று துடைத்து, தனியாளாக இழுத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்தால் அவன் நிற்கிறான். கட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுநாள் நான் வேலையிலிருந்து வரும்போது வீடு பூட்டியிருந்தது. மேசைமேல் இந்தச் சீட்டு.

"அக்கா, அப்பாவுக்கு ஒன்பது வருஷம் குடுத்துட்ட. எனக்கும் குடுப்பேன்னு தெரியும். அதனாலதான் போறேன். தேடாத."

நீங்கள் கேட்கத் தயங்குவது புரிகிறது. அப்படி ஏதும் செய்துகொள்கிறவன் இல்லை அவன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். பதினொரு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் கையில் ஒரு கோளாறும் கிடையாது. அவன் கடலில் விழாமல் இருக்கத்தான் செய்தேன். என் தம்பி உயிரோடு இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஒன்றே ஒன்று. பேப்பரிலும் ரேடியோவிலும் அறிவிப்புக் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். உனக்கு உடம்பு சரியில்லை, அக்கா தேடுகிறாள், வீட்டுக்கு வா என்று மட்டும் போடுங்கள். நான் சொன்ன மற்றதைப் போட வேண்டாம் சார். கை நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால் அவன் நேராக டீச்சர் வீட்டுக்குத்தான் போவான்.