திருப்பிப் போட்ட வசன அட்டை

புத்தாண்டு பிறந்து நான்காம் நாள், காலை ஒன்பது இருபது. சேதராப்பட்டிலிருந்து பெரிய மார்க்கெட் பக்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மடியில் மீன் வாங்கும் கூடை.

"ஆண்டவர் குடுத்தத நான் திருப்பிக் குடுத்துட்டேன் அண்ணி" என்றாள் இளையவள்.

"எத?"

"சர்ச்சுல புத்தாண்டு ஆராதனையில தட்டுலேர்ந்து கண்ண மூடி எடுத்தோமே, இந்த வருஷத்துக்கு ஆண்டவர் சொல்றதுன்னு, பைபிள் வசன அட்டை. எனக்கு ஊர விட்டுக் கிளம்புன்னு வந்துச்சு. இவர ஓசூருக்கு மாத்துறோம், இன்னைக்குள்ள பதில் சொல்லுன்னு கம்பெனியில கேக்குறாங்களே. பயந்துபோயி அட்டைய தட்டுலயே போட்டுட்டு வேற எடுத்தேன்."

"அதுல என்ன வந்துச்சு?"

"அமைதியா இருன்னு."

"அது உனக்குன்னே எழுதினது."

"சிரிக்காதீங்க அண்ணி. அதக் காட்டிப் போக வேணாம்னு சொன்னேன். இவரும் சரின்னுட்டாரு. காலையில துவைக்கலாம்னு இவரு சட்டைய எடுக்குறேன், பாக்கெட்டுல நான் போட்ட அதே அட்டை. மூலை மடங்கினது."

"வரிசையில உன் பின்னாடி நின்னது யாரு?"

"இவருதான். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீ திருப்பிப் போடுவேன்னு தெரிஞ்சுதான் ஆண்டவர் அவர அங்க நிக்க வெச்சிருக்காரு."

"ஓசூர்ல நமக்கு யாரத் தெரியும் அண்ணி?"

"தெரிஞ்சவங்க இருந்தாத்தான் கிளம்புன்னா அட்டையில போட்டிருந்துச்சு?"

மார்க்கெட் வந்தது. இறங்கும்போது இளையவள் கேட்டாள்: "மீன் அப்புறம் வாங்கிக்கலாம். சூட்கேஸ் கடை எந்தப் பக்கம் அண்ணி?"