நாவலில் இல்லாத மாடு

"அந்த நாவல்ல மாடே இல்ல மாப்ள."

சமயநல்லூரில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இருவரில் தாடி வைத்தவர் சொன்னார். பழைய நாவல் ஒன்றின் மறுபதிப்புக்கு அவர்தான் அட்டை வரைகிறாராம். பக்கத்தில் அவர் நண்பர்.

"பழைய பதிப்பு அட்டை எல்லாத்தையும் தேடிப் பாத்தேன். அம்புட்டுலயும் மாடு. என்னதான் மாடுன்னு நாவலைப் படிச்சா, கதை முழுக்க டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல நடக்குது!"

"பெறகு மாடு எப்படிடா வந்துச்சு?"

"மொத ஆளு படிக்காம வரைஞ்சிருக்கான். மத்தவன்லாம் அவனைப் பாத்து வரைஞ்சிருக்கான். நான் டைப்ரைட்டர் வரைஞ்சு கொண்டுபோனா, பதிப்பாளர் 'மாடு எங்கப்பா?'ங்குறாரு. சாயங்காலத்துக்குள்ள மாடு வரலைன்னா வேலை வேற ஆளுக்காம்."

"படிச்சவன் ஒருத்தனும் கேக்கலையா?"

"படிச்சாத்தான கேப்பான்! போன மாசம் ஒரு அறிவாளி அந்த மாட்டோட மௌனத்தைப் பத்தி மேடையில முக்கா மணி நேரம் பேசியிருக்கான். முன்னுரையும் அவன்தானாம். அதுலயும் மாடுதானாம். அதான் பதிப்பாளரு அட்டையில மாடு இல்லாம ஆகாதுங்குறாரு. வீடியோ இருக்கு, மூஞ்சியப் பாக்குறியா?"

"காட்டு, காட்டு."

ஆரப்பாளையம் வரை டிக்கெட் எடுத்திருந்த நான் பரவையிலேயே இறங்கிவிட்டேன். முதல் வேலையாகப் பதிப்பாளரை போனில் கூப்பிட்டேன். முன்னுரையில் சிறு திருத்தம் இருக்கிறது, மாட்டை எடுத்துவிடுகிறேன், அட்டையில் அந்தத் தம்பி வரைந்த டைப்ரைட்டரே இருக்கட்டும் என்றேன். அப்படியே, நாவல் ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்றும் கேட்டேன்.