அம்பு பார்த்த பக்கம்

கிட்ட வா கண்ணு. அந்தப் பழைய டயர் அடுக்கின்மேல் துணி விரித்திருக்கிறேன், அதில் உட்கார். உன் வண்டிக்குச் சக்கரம் மாட்டி முடிக்கிறவரைக்கும் ஒரு கதை சொல்கிறேன், பொழுது போவதே தெரியாது. கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வேன். உள்ளறையில் என் தம்பி இப்போதுதான் கண் அசந்திருக்கிறான்.

சேற்று டயரை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்றுதானே கேட்டாய்? இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சந்தேகம். இதோ, டயரின் கன்னத்தில் ஓர் அம்புக்குறி இருக்கிறது பார். வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எப்படி உருளுமோ, அம்பும் அப்படியே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அப்படி மாட்டினால் மேலே புடைத்து நிற்கிற இந்த ரப்பர்க் கட்டைகள் சேற்றை நடுவிலிருந்து வெளியே தள்ளிவிடும். திருப்பி மாட்டினால் வெளியிலிருந்து நடுவுக்கு வாரி வாரி அடைத்துக்கொள்ளும். கொஞ்ச தூரத்தில் டயர் வெறும் களிமண் உருண்டை ஆகிவிடும். நல்ல ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சேற்றில் இறங்கும்போதுதான் தெரியும்.

இதெல்லாம் எனக்குத் தம்பி கற்றுக் கொடுத்தது. அம்மா போனபோது அவன் தவழ்கிற குழந்தை. நான்தான் தூக்கி வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்குத்தான் நேரமே கிடைக்கவில்லை. அவன் தலையெடுத்து இந்தக் கடையை வைத்தான். நானும் கூடவே நின்று ஜாக்கி போடவும் நட்டு முடுக்கவும் பழகிக்கொண்டேன். அக்காவும் தம்பியும் கையெல்லாம் கரியோடு இந்த வாசலில் நின்று டீ குடிப்போம். ராஜா ராணிக்குக்கூட அப்படி ஒரு வாழ்வு கிடைத்திருக்காது.

பிறகு அவனுக்கு ஒருத்தி வந்தாள். அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். தங்கமான பெண். வாய்தான் ஓயாது. சிரித்தாள் என்றால் காற்றடிக்கிற மெஷின் சத்தத்தையும் மீறிக்கொண்டு கேட்கும். அவளுடைய அண்ணன் மேட்டுக்கு அந்தப் பக்கம், குவாரியில், தம்பிக்கு ஒரு நல்ல வேலை பார்த்து வைத்தான். வீடும் கொடுக்கிறார்களாம். மழை தொடங்கியிருந்த நேரம், மேட்டுப்பாதை முழுக்கச் சேறு. அதனால் ஜீப்புக்குப் புது டயர் வாங்கி வந்தான்.

ஒவ்வொரு டயராகத் திருப்பித் திருப்பி அவன் அம்பு பார்ப்பதைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இவ்வளவு நேரமா அம்பையே பாத்துட்டு நிக்கிறீங்களே, வில்லைத் தேடுறீங்களா?"

"உனக்கென்னடி தெரியும்? மாத்திப் போட்டா வண்டி மேட்டுல ஏறாது."

"எந்தப் பக்கம் போட்டாலும் வட்டமாத்தானே இருக்கு?"

"செருப்பைக் கால் மாத்திப் போட்டுட்டு நடந்து பாரு, தெரியும்."

"அண்ணி, கேட்டீங்களா? உங்க தம்பி என்னைச் செருப்பால அடிப்பாராம்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு எல்லோருமே சந்தோஷமாக இருந்தோம். "லீவு கிடைக்கிறப்பல்லாம் ஓடி வந்துடுவோம் அண்ணி," என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், பாசமாகத்தான் சொன்னாள். ஆனால் அது விருந்தாளி பேசுகிற பேச்சு இல்லையா? என் வீட்டுப் பிள்ளை என் வீட்டுக்கே விருந்தாளியாக வருவதா?

புறப்படுகிற அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளப் போனார்கள். நான் ஜாக்கியை எடுத்தேன். வலப்பக்கத்துச் சக்கரங்களை இடப்பக்கமும், இடப்பக்கத்துச் சக்கரங்களை வலப்பக்கமுமாக மாற்றி மாட்டினேன். டயரை ரிம்மிலிருந்து கழற்றக்கூட வேண்டியதில்லை கண்ணு. சக்கரம் பக்கம் மாறினாலே அம்பு பின்னால் திரும்பிவிடும். அவன் கண்ணில் படக் கூடாதே என்று அம்பின்மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி மண்ணை அப்பினேன். நட்டுகளை மட்டும் இறுக்கி முடுக்கினேன், ஒன்றைக்கூடத் தளர விடவில்லை. நட்டைத் தளர்த்திவிடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாது.

என் கணக்கு ரொம்பச் சின்னது. மேட்டில் பாதி தூரம் ஏறுவார்கள், சேறு அடைத்துக்கொள்ளும், வண்டி நகராது. முழங்கால் வரை சேறோடு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு நடந்தே திரும்பி வருவார்கள். குறித்த நாளில் போகாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவர்கள் குளிப்பதற்கு வெந்நீர்கூடப் போட்டு வைத்தேன்.

மேட்டுப்பாதையின் ஓரத்தில் தடுப்பு இல்லையே, அது உனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். தெரியும். அந்த வழியில் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். அன்றைக்கு என்னவோ, என் நினைப்பெல்லாம் வெந்நீரிலேயே இருந்தது.

வண்டி வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. அவள் அங்கேயே போய்விட்டாள். என்னைப்போல் அழுதவர்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை, வேண்டுமானால் விசாரித்துப் பார். தம்பிக்கு உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. விசாரிக்க வந்த அதிகாரி டயரைப் பற்றி என்னிடம்தான் கேட்டார். கடைக்காரி நான்தானே.

"டயர் எப்படிம்மா?"

"புத்தம்புது டயர் ஐயா."

உண்மையைத்தான் சொன்னேன். மழை, சேறு, அவர்கள் நேரம் என்று அவரும் எழுதிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு நாள்தான் எனக்கு மனசு கலங்கியது. தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கையைத் தடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

"அக்கா, மேட்டுல ஏறுறப்ப எட்டிப் பாத்தேன். சக்கரம் சேத்தை உள்ள வாரிக்கிட்டிருந்துச்சு. நான் டயரைத் தப்பா மாட்டிட்டேனாக்கா?"

என்ன சொல்வது? உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு அக்காவும் இல்லாமல் போயிருப்பாள். நோயாளியை அப்படியா தவிக்கவிடுவது?

"கைத்தவறுதல் யாருக்கும் வரும்டா," என்றேன். "அவ உன்னைக் கோவிச்சுக்க மாட்டா. நானும் மன்னிச்சுட்டேன்."

என் மடியில் முகம் புதைத்து அழுதான். சின்ன வயசில் அழுவானே, அதே மாதிரி. அதற்குப் பிறகு அவன் ஒரு சக்கரத்தையும் தொட்டதில்லை. சில நாள் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார வைப்பேன். வருகிற வண்டிகளின் அம்பைப் பார்ப்பான், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வான். "போனது போகட்டும்டா ராஜா," என்று தேற்றித் தலை வாரிவிடுவேன். மற்றபடி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கிறோம்.

சரி, உன் வண்டி முடிந்தது. எல்லா அம்பும் முன்னால்தான் பார்க்கிறது, நீயே சுற்றி வந்து பார்த்துக்கொள். பெண்டாட்டி பிள்ளைகளோடு மேட்டுக்கு அந்தப் பக்கம் குடி போகிறேன், அம்மா மட்டும் இங்கேயே இருப்பாள் என்று சொன்னாயே. அந்த அம்மாள் முன்கூட்டியே வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். வரவில்லை. எல்லா அம்மாவுக்கும் ஒரே மாதிரியா பாசம் இருக்கும்?

பார்த்துப் போ கண்ணு. உன் வீட்டு விளக்கு அணையாமல் எரியட்டும். உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். வளர்ந்த பிறகு, அதில் ஒன்றுகூட உன்னை விட்டு எங்கேயும் போகாமல் இருக்கட்டும்.