உட்காருங்க என்று சொல்லாதீர்கள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அண்ணன் மருதாசலம் அவர்களே! கருமத்தம்பட்டி மூத்தோர் மன்றத்தைத் தோளில் சுமக்கும் செயலாளர் சீனிவாசலு அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடி மின்ன வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் வளர்த்து, இன்னும் ஓயாத தாய்மார்களே! அனைவருக்கும் பழைய பஞ்சாலைக்காரன் பாலகோபாலின் பணிவான வணக்கம்.

சற்றுமுன் என் பெயரை அழைத்ததும் செயலாளர் கைகொடுத்து என்னை எழுப்பினார். நீங்கள் கைதட்டினீர்கள். மரியாதையா அது? இல்லை ஐயா, இல்லை! இந்தப் புதுச் சோபாவிலிருந்து என்னால் எழ முடியவில்லை. எழுபத்திரண்டு வயதில் பேச வாய் இருக்கிறது. எழக் கால் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் இருக்கப் பயமாக இருக்கிறது.

ஏன் பயம்? என் அண்ணன் லட்சுமணசாமியைப் பார்த்த பயம்! ஆலையை ஒப்படைத்து ஓய்வு பெற்றார். அன்றே தொடங்கியது நம் கொங்கு நாட்டு மரியாதை. மோட்டார் போட எழுந்தால், "நீங்க உக்காருங்க." தண்ணி எடுக்க எழுந்தால், "உங்களுக்கு எதுக்குங்க, உக்காருங்க." அதை அதிகம் சொன்னவன் யார்? இதோ நிற்கிறேனே, நான்தான்! மூன்றே வருடம். பெருந்துறையில் ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. இலை எடுக்க வந்தவர்கள் காத்து நிற்க, நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். எலும்புக்கு ஒன்றுமில்லை, இதயத்துக்கு ஒன்றுமில்லை, தொடையில்தான் சதையே இல்லை என்றார் மருத்துவர். அப்புறம் அண்ணன் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. "நாலு பேரு தூக்கற நாளு இன்னும் வரல, கோபாலு. அதுக்குள்ள தூக்கிப்போட்டீங்க" என்றார். அந்தச் சொல் என்னை உட்காரவும் விடவில்லை, உறங்கவும் விடவில்லை.

என்னம்மா அங்கே? "காட்டு வேலை செஞ்ச ஒடம்புங்க, நமக்கெதுக்குங்க எக்சசைஸ்?" நல்லாக் கேட்டீங்க, அம்மணி! உங்கள் பக்கத்தில் இருக்கும் மாசாணியம்மாளும் இதையே கேட்டவர்தான். நாற்பது வருடம் களையெடுத்த உடம்பு. ஐந்து வருடம் சும்மா இருந்ததும் டவுன் பஸ் படி ஏறவில்லை. ஓடாத மிஷினில் துரு ஏறாதா? பிசியோதெரபிஸ்ட் சண்முகப்ரியா இந்த மண்டபத்துப் பின்னறையில் நடத்தும் உடற்பயிற்சி வகுப்புக்கு மாசாணியம்மாள் வந்தார். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, கணுக்காலில் மணல்பை கட்டித் தூக்குவது, அவ்வளவுதான். பிரஷரைப் பார்த்து, மூட்டைப் பார்த்து, மெல்ல மெல்ல எடையைக் கூட்டினார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பீர்கள். அறுபத்தொன்பதில் வளைந்தது! போன வாரம் அவர் சொன்னார்: "ஏனுங்க, இப்பவெல்லாம் கண்டக்டரு என்ர கையப் புடிக்கறதில்லீங்க."

அந்த வகுப்புக்கு வருகிறவர் எத்தனை பேர்? நான்கே பேர்! நான் போனேனா? போகவில்லை. பக்கம் பக்கமாகப் பேசத் தெரிந்தவன், பத்தடி நடந்து பின்னறைக்குப் போகவில்லை. ஆள் வரவில்லை என்று அதை மூடி, அங்கேயும் சோபா போடத் தீர்மானம் தயாராக இருக்கிறது. புதுச் சோபாக்களுக்கு ரிப்பன் வெட்ட என்னை அழைத்தீர்கள். வெட்ட மாட்டேன்! துண்டுச்சீட்டு வேண்டாம் செயலாளரே. நேரமாகிவிட்டது என்றுதானே நானும் கத்துகிறேன்!

தலைவர் அவர்களே, அந்தத் தீர்மானத்தை ஒரே ஒரு மாதம் தள்ளிவையுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

இன்னும் சற்று நேரத்தில் நாட்டுப்பண் ஒலிக்கும். கைப்பிடியைத் தொடாமல் எழுந்து பாருங்கள். நானும் அந்தச் சோபாவில் போய் உட்கார்ந்து, உங்களோடு எழப் பார்க்கிறேன். முடியாவிட்டால் சீனிவாசலுவின் கையைப் பிடிப்பேன். இம்முறை கைதட்டாமல், நன்றாகப் பாருங்கள். எழ முடிந்தவர்கள் நாளைக்கு வாருங்கள். முடியாதவர்கள் அவர்களுக்கு முன்னால் வாருங்கள்!

இந்தக் கிழவனின் கோபத்தைப் பொறுத்துக்கொண்ட நல்லவர்களுக்கு நன்றி. வணக்கமுங்க. காலைல ஆறு மணிக்கு, பின்னறை வாசல்ல நின்னுட்டிருப்பேனுங்க.