போலிப் பெட்டியில் கிடந்த காசு

அவையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் பெருந்தகையே! அவருக்கு வலமும் இடமும் அமர்ந்து வலுச்சேர்க்கும் செயற்குழுச் செம்மல்களே! காசைக் கண்டதும் கண்ணாடியைத் தேடும் பெரியோர்களே! வீட்டுக்காரர் வாங்கிக் குவிக்கும் கோணல் காசுக்கும் நசுங்கல் காசுக்கும் அலமாரியைக் கொடுத்துவிட்டு, துணிமணியை நாற்காலியில் மடித்து வைக்கும் பொறுமையின் பேருருவாம் தாய்மார்களே! சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும்.

குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்று ஊர் சொல்லும். நமக்கோ குற்றம் பார்த்ததால்தான் சுற்றமே உண்டாயிற்று! அச்சு விலகிய காசா? நம் உறவு. எழுத்து இரட்டித்த காசா? நம் உறவு. காசு அடிக்கும் ஆலை தவறிப் பெற்ற பிள்ளைகளையெல்லாம் தத்தெடுத்துக்கொண்ட சங்கம் இது. அச்சுப் பிழையை அறிவது எப்படி என்று புதிய உறுப்பினர்களுக்குப் பாடம் சொல்லத்தான் என்னை இங்கே ஏற்றியிருக்கிறார்கள். சொல்கிறேன். சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

ஆலையில் அடிபட்ட காசு உடனே கீழே விழ வேண்டும். விழாமல் பூ அச்சிலேயே ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். அடுத்து வரும் வெற்று வில்லை அதன்மேல் அறைபடும். ஒரு பக்கம் ஒழுங்காகத் தலை விழும். பூ விழவேண்டிய மறுபக்கத்திலோ அதே தலை, பள்ளமாக, இடம் வலம் மாறி விழும். லட்சத்தில் ஒன்று கிடைத்தால் பெரிது.

இதைக் கள்ளத்தனமாகவும் செய்யலாம். பட்டறை மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்குமே வைஸ், அதில் இரண்டு காசை வைத்து நெரித்தால் ஒன்றின் தலை மற்றதில் பதியும். ஆனால் அடியில் பழைய பூவின் தடம் எங்காவது ஒரு கோடாவது மிச்சமிருக்கும். மறுபக்கமும் நசுங்கியிருக்கும். லென்ஸ் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். திருப்பிப் பார்க்க வேண்டும், ஐயா! அந்த ஒன்றைத்தான் நாம் செய்யவில்லை!

நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே கட்டடத்தின் மாடியறை. கிறீச்சிடும் மின்விசிறி. நீள மேசைக்குப் பின்னால் பரிசோதனைக் குழுவினர் மூவர். நடுவில் இன்றைய தலைவர். ஓரத்தில் நான். எதிரே நம் உறுப்பினர் ஒருவர், நகக்கண்ணில் இரும்புத்தூள் போகாத கையோடு, பிளாஸ்டிக் உறையில் அப்படி இருபுறமும் தலை விழுந்த ஒரு காசை நீட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

தலைவர் உறைக்கு மேலாகவே ஒரு பார்வை பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"லேத் ஓட்டறேன் சார்."

"அப்போ பட்டறையில வைஸ் இருக்குமே?"

"இருக்கு சார். இல்லாம எப்படி?"

"அதான பார்த்தேன்!" என்றார் தலைவர். நான் சிரித்தேன். ஆமாம், வாய்விட்டுச் சிரித்தேன்.

"சார், ஒரு தடவை திருப்பிப் பாருங்க சார். லென்ஸ் வேணும்னா நானே கொண்டாந்திருக்கேன்" என்றார் அவர். யார் திருப்பினோம்? மூத்தவர் எழுதினால் மற்ற இருவரும் கையெழுத்துப் போடுவது நம் வழக்கம். வழக்கமாம், வழக்கம்! 'வைஸில் நெரித்த போலி' என்று தலைவர் எழுதினார். நான் போட்டேன் கையெழுத்து. போலியைத் திருப்பித் தருவதில்லை என்ற விதிப்படி காசு போலிப் பெட்டிக்குள் போயிற்று. மனிதரைச் சங்கத்திலிருந்து நீக்கினோம். அதோடு விட்டோமா? 'போலி தயாரிக்கும் லேத் தொழிலாளி, எச்சரிக்கை' என்று மாத இதழில் கட்டம் கட்டிப் போட்டோம்!

அதே மாதம் காரில் வந்திறங்கிய ஒரு பெரிய மனிதர், அச்சுப் பிழைபோலத் தோன்ற விளிம்பை அரம் வைத்து ராவிய காசைக் கொண்டுவந்தார். அவரிடம் தொழில் கேட்டோமா? காப்பி கேட்டோம்! "சர்க்கரை போதுமா சார்?" என்று கேட்டோம்! அந்தக் காசுக்கு அசல் என்று நாம் கொடுத்த சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் இதோ இந்தச் சுவரில் தொங்குகிறது. திரும்பிப் பார்க்கிறீர்களே, நன்றாகப் பாருங்கள். அதிலும் என் கையெழுத்து இருக்கிறது.

கைதட்டாதீர்கள். கைதட்டும் இடமா இது?

என்ன சீட்டு வருகிறது எனக்கு? 'நேரம் முடிந்தது.' நான்கு ஆண்டு ஒரு மனிதரைக் காக்கவைத்த சங்கத்துக்கு நான்கு நிமிடம் பொறுக்கவில்லையா? தண்ணீரும் வேண்டாம், தம்பி. எனக்குத் தாகமில்லை, கோபம்!

இன்றைய பாடத்துக்கு ஒரு போலியைக் காட்டலாமே என்று போன வாரம் போலிப் பெட்டியைத் திறந்தேன். முதலில் கையில் அகப்பட்டது அந்த உறை. அதில் குத்தியிருந்த ஊசி துருவேறி, பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போயிருந்தது. அதாவது, அன்றும் அதை யாரும் பிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் பிரிக்கவில்லை. பிரித்தேன். லென்ஸை வைத்தேன். திருப்பினேன். பூவின் தடம் ஒரு கோடுகூட இல்லை. மறுபக்கத் தலை, மூக்கு நுனிகூட மழுங்காமல் முழுசாக இருந்தது. எடை போட்டேன், சரி. வேறு ஊர்ச் சங்கத்து நிபுணர் இருவரிடம் பெயர் சொல்லாமல் காட்டினேன். இருவரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: அசல். நாம் காசைச் சோதிக்கவில்லை, ஐயா. கொண்டுவந்தவரின் நகத்தைச் சோதித்தோம்!

நேற்றுப் பட்டறைக்குப் போனேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். அழுக்குத் துணியால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார். கேட்டீர்களா? அவர் என்னை உட்காரச் சொன்னார்! விஷயத்தைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன், மடையன் நான்.

"அது நல்ல காசுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார். நீங்க சொல்லித்தானா தெரியணும்? உங்க புஸ்தகத்தைப் பார்த்துட்டு முதலாளி பட்டறைச் சாவியைக் கேட்டு வாங்கிட்டார். பன்னெண்டு வருஷமா நான் திறந்த பட்டறை சார். இப்ப யாராவது வந்து திறக்கறவரைக்கும் தெருவுல நிக்கறேன். மச்சான்காரன் பந்தியில வெச்சுக் கேக்கறான், 'என்ன மாமா, எனக்கும் ரெண்டு காசு அடிச்சுத் தர்றது?' எல்லாரும் சிரிச்சாங்க. என் வீட்டுக்காரி பாதி சாப்பாட்டுல எழுந்து போயிட்டா."

"விழாவுக்கு வாங்க, மேடையில வெச்சே கொடுத்துடறோம்" என்றேன்.

"காசை நீங்களே வெச்சுக்குங்க சார். நான் உள்ள காலெடுத்து வைக்க மாட்டேன். வேணும்னா வாசல்ல நிக்கறேன். என்னைப் பத்தி எழுதினது பொய்னு என் வீட்டுக்காரி காதால கேக்கணும். அது போதும்."

கேட்டது அவ்வளவுதான், அவையோரே! பணமா கேட்டார்? பட்டமா கேட்டார்? பொய்யைப் பொய் என்று சொல்லச் சொன்னார்!

மூன்று நாட்களுக்கு முன்பே தலைவரிடம் சொன்னேன். "விழா முடியட்டும், குழுவுல வெச்சுப் பேசிக்கலாம்" என்றார். கட்டம் கட்டிப் போட்டதைக் குழுவுக்குள் வைத்துக் கிசுகிசுப்பதா? ஊரறிய உமிழ்ந்துவிட்டு அறைக்குள் துடைப்பதா? அது நடக்காது!

தாய்மார்கள் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நான் சொல்வதைக் கேட்டால் போதும். உங்கள் வீட்டுக்காரர் போலிக் காசு செய்யவில்லை. அவர் கொண்டுவந்தது அசல். அதைப் போலி என்று எழுதியது பொய். அந்தப் பொய்க்குக் கீழே, காசைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். இதையே எழுதிக் கையெழுத்திட்டு இன்று காலை அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். நகல் ஒன்று பட்டறை முதலாளியின் கைக்கும் போய்விட்டது.

தலைவர் அவர்களே, வாசல் இங்கிருந்து முப்பது தப்படி. அவர் உள்ளே வர வேண்டாம், நாம் வெளியே போவோம். வருகிறீர்களா? தலையைக் குனிந்துகொண்டால் என்ன அர்த்தம்? சரி, நான் போகிறேன்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி உரியது. வணக்கம் மட்டும் இப்போது இல்லை. அதை முதலில் வாசலில் நிற்கும் மனிதருக்குச் சொல்கிறேன். அவர் வாங்கிக்கொண்டால், திரும்பி வந்து உங்களுக்கும் சொல்கிறேன்.