நிராகரிக்கப்பட்ட ஜாடி

உருளைக்கிழங்கு வாங்கினால் அதில் ஒன்று எப்படியாவது அலமாரி மூலைக்கு உருண்டுபோய், யார் கண்ணிலும் படாமல் முளைவிட்டுவிடும். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவே.

தோட்டக்கலை அலுவலர் மேடம் அவர்களே, நேற்று நீங்கள் எங்கள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, இருபத்து மூன்று செடிகளையும் பிடுங்கி எரித்தால்தான் அக்கம்பக்கத்துக்கும் பரவாது என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கவும் சொன்னீர்கள், என்னைப் பார்த்துக்கொண்டே. பிறகு என் கணவர் குழாயை மூடப் போன நேரத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"தூக்கிட்டுப் போக எறும்பே இல்லாத தோட்டத்துல மாவுப்பூச்சி மட்டும் எப்படிம்மா செடிவிட்டுச் செடி போவுது?"

டீ கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன். டீ இல்லாமலே திரும்பி வந்தேன். மன்னிக்கவும். அந்தக் கேள்விக்குப் பதில் இது.

என் கணவர் பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தர ஆய்வாளராக இருந்தவர். விரிசல் விட்ட பிஸ்கட்டை எட்டடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அதே சட்டை, அதே பேனாவுடன் என் சமையலறையில் வந்து நின்றார். முதல் வாரம் ஜாடிகளுக்கெல்லாம் சீட்டு ஒட்டினார். இரண்டாம் வாரம் டீக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். மூன்றாம் வாரம், நான் நறுக்கிய கேரட்டை அளவுகோல் வைத்து அளந்துவிட்டு, "சராசரி பரவால்ல, ஆனா ஒண்ணுபோல இல்ல" என்றார். கெட்ட மனிதர் இல்லை, வேலை இல்லாத மனிதர். முளைவிட்ட அந்த உருளைக்கிழங்கை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, சீட்டில் சிவப்பு மையால் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி ஒட்டி, தேதியும் கையெழுத்தும் இட்டு, மறுபடி அலமாரியிலேயே வைத்தார். நிராகரிப்பதுதான் அவர் வேலை. தூக்கி எறிவது வேறு பிரிவு.

தோட்டம் போடச் சொன்னது நான்தான். பின்பக்கம் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், ஒரு பூசணிக்கொடி என்று தொட்டி தொட்டியாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு தொட்டியையும் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினார். பூசணிக்காய் கனத்தபோது தன் பழைய சீருடைச் சட்டையை ஊஞ்சலாகக் கட்டி அதில் உட்காரவைத்தார். அந்த ஒரு வருடம் என் சமையலறைப் பக்கம் ஈ காக்கை வரவில்லை. கேரட்டை இஷ்டத்துக்கு நறுக்கினேன்.

கோளாறு என்னவென்றால், தோட்டம் நன்றாக வந்துவிட்டது. காய்த்துத் தள்ளியது. குறையே இல்லாத இடத்தில் ஆய்வாளருக்கு என்ன வேலை? ஒரு நாள் காலை மறுபடியும் அளவுகோலோடு சமையலறை வாசலில் நின்றார்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, தன் செம்பருத்தியில் பஞ்சு பஞ்சாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து காட்டினார். குப்பையில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். போடத்தான் போனேன். வழியில் அலமாரி இருந்தது.

முளைவிட்ட உருளைக்கிழங்கு மாவுப்பூச்சிக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஜாடியில் வற்றிக் கிடந்ததை எடுத்துவிட்டு, புதிதாக முளைவிட்ட ஒன்றையும் கிளையையும் உள்ளே போட்டு, மூடியில் ஊசியால் துளை போட்டேன். ரொட்டிக்குப் பால் தடவும் சிறிய தூரிகை ஒன்று சும்மா கிடந்தது. அவர் குளிக்கப் பதினெட்டு நிமிடம் எடுப்பார், கூடவும் குறையவும் மாட்டார். செடிக்கு ஏழு பூச்சி, இலைக்கு அடியில். நான் பாரபட்சம் காட்டவில்லை, எண் வரிசைப்படியே போனேன்.

முதலில் கத்தரி இரண்டு சுருண்டது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினார். அளவுகோல் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது, அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் பின்வாசல் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சுருண்ட இலையை என் கையில் கொடுத்தார்.

"நீ என்ன நினைக்கிற?" என்றார்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருடம், மேடம். இந்த வீட்டை வாங்கியதையே சாவி கைக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார். என்ன நினைக்கிறாய் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள் என்றேன். அதைக் குறிப்பேட்டில் எழுதி, எதிரில் என் பெயரைப் போட்டார். மறுநாள் அவர் குளிக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தேன்.

என் வைத்தியம் பலித்தது. எந்த இலை என்று எனக்குத் தெரியுமே. தையல்காரம்மா ஏதோ கேட்டதற்கு, "இருங்க, வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். ஆனால் செடி தேறிவிட்டால் பேச்சும் நின்றுவிடும். அதனால் மாதத்துக்கு ஒரு செடி என்றிருந்தது வாரத்துக்கு ஒன்றானது.

பூசணியைத் தொடக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். ஒரு வாரம் எல்லாம் செழிப்பாக இருந்தது. அவர் பழைய சகா ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தக் காயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்று நான் ஏழோடு நிற்கவில்லை. நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை.

கொடி கருகியது. சட்டைக்குள்ளேயே காய் அழுகியது. அவர் படியில் உட்கார்ந்து அழுதார். அவர் அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை.

"நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். எங்கன்னு சொல்லு."

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. அதான் நான் இருக்கேன்ல."

இரண்டும் உண்மை. அவர் தலையை என் தோளில் சாய்த்துத் தடவிக்கொடுத்தேன். தூரிகை அப்போது என் இடுப்பில்தான் செருகியிருந்தது.

சமையலறை நிம்மதிக்காக, அவருக்கும் பொழுது போகட்டும் என்பதற்காக என்றுதான் இதுநாள்வரை எனக்கு நானே சொல்லிவந்தேன். எழுதிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கேரட்டைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அதற்காக ஒரு பூசணி போனால் போகட்டும் என்று இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லாவற்றையும் எரித்துவிட்டால் அப்புறம் என்னிடம் கேட்க என்ன இருக்கும்? ஆகவே எங்கள் தோட்டத்தில் இனி ஒரு பூச்சிகூட வராது என்று நான் எழுத்து மூலமாகவே உறுதி தருகிறேன். எரிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். இதை மட்டும் சொல்லாதீர்கள். 'தினமும் ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கணும்' என்று ஒரு வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும். அதிகாரி சொன்னால் அவர் எழுதிவைத்துக்கொள்வார்.

நேற்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, உங்கள் கணவர் அடுத்த மாதம் தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெறுகிறார், இப்போதே உங்கள் சமையலறை அலமாரியை அகர வரிசையில் அடுக்கத் தொடங்கிவிட்டார் என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு மாடியில் பத்துத் தக்காளிச் செடி இருப்பதாகவும் சொன்னீர்கள்.

இந்தக் கடிதத்தோடு காகிதம் சுற்றி ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். செடிக்கு ஏழுக்கு மேல் வேண்டாம். சீட்டைக் கிழித்துவிட்டேன், உங்கள் கணவர் கையாலேயே புதிதாக ஒன்று எழுதி வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். தாங்களே வேண்டாம் என்று எழுதிவைத்ததை அவர்கள் மறுபடி திறந்து பார்ப்பதில்லை.